டேலி பிரைமில் பழைய வருடக் கணக்கு: யார் திறக்கலாம், யார் திருத்தலாம்

நடப்பு வருடக் கணக்கை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்று கட்டுப்படுத்துவதில் டேலி பிரைம் என்ற கணக்கு சாஃப்ட்வேர் நன்றாகவே செயல்படுகிறது. வருடம் முடிந்து ஓரமாக எடுத்து வைத்த கணக்கு என்று வந்தால் அது பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதியை விண்டோஸிலும் ஒரு நோட்டிலும் நாமே செய்துகொள்ள வேண்டும். டேலி வைத்திருக்கும் கடைகளிலும் கம்பெனிகளிலும் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் கிடப்பது அந்த மீதிதான். அதனால் பில் போடுவது, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போன்றவற்றை விட்டுவிட்டு, பழைய டேட்டாவுக்கான அனுமதிகளை மட்டும் இங்கே பார்க்கலாம்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். டேலியில் 'கம்பெனி' என்றால் தனியாக வைத்திருக்கும் ஒரு கணக்குத் தொகுப்பு. யூசர் பட்டியல் சாஃப்ட்வேருக்குச் சொந்தமானது இல்லை, அந்தக் கம்பெனிக்குச் சொந்தமானது. ஒவ்வொரு கம்பெனியின் டேட்டாவுக்குள்ளேயே அதற்கான யூசர்களும் பாஸ்வேர்டும் இருக்கின்றன. ஐந்து கம்பெனி இருந்தால் ஐந்து பட்டியல். பழைய வருடங்களைப் பிரித்துத் தனிக் கம்பெனியாக வைத்தால், பிரித்த நாளில் இருந்த பட்டியல் அதற்குள் அப்படியே உறைந்துபோகும். வேலையை விட்டுப் போனவரை நடப்புக் கம்பெனியில் நீக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம். பழைய கம்பெனியில் அவர் பெயரும் பாஸ்வேர்டும் இன்னும் உயிரோடு இருக்கும். பேக்கப் கோப்புகளுக்கும் இதே கதைதான். இரண்டு வருடத்துக்கு முந்தைய பேக்கப்பை ரீஸ்டோர் செய்தால் இரண்டு வருடத்துக்கு முந்தைய யூசர்கள் திரும்பி வருவார்கள்.

பழையதுதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட முடியாது. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 128(5)-இன்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 36, அந்த வருடத்துக்கான ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் என்கிறது. அத்தனை காலமும் அந்த டேட்டா திறக்கும் நிலையில், மாறாத நிலையில் இருக்க வேண்டும். எட்டு வருடத்தில் ஒரு சின்ன ஆபீஸில்கூட எத்தனை கணக்காளர்கள் மாறுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, டேலிக்குள் என்ன இருக்கிறது? ஆல்ட்+கே அழுத்தி, கம்பெனியை ஆல்டர் செய்யும் திரையில் 'கன்ட்ரோல் யூசர் ஆக்சஸ் டு கம்பெனி டேட்டா' என்பதை 'யெஸ்' ஆக்கினால் அட்மின் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். அதன் பிறகுதான் அதே ஆல்ட்+கே மெனுவில் 'யூசர் ரோல்ஸ்', 'யூசர்ஸ் அண்ட் பாஸ்வேர்ட்ஸ்', 'பாஸ்வேர்ட் பாலிசி' ஆகியவை தெரியும். இவை தெரியவில்லை என்று தேடுகிறவர்கள் முதல் படியைச் செய்யாதவர்கள், அல்லது அட்மினாக உள்ளே நுழையாதவர்கள்.

பழைய கணக்குக்குத் தனியாக ஒரு ரோல், அதாவது ஒரு யூசர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்ற அனுமதித் தொகுப்பு, உருவாக்குங்கள். 'பழைய கணக்கு பார்வை' என்று பெயர் வைத்து, 'டேட்டா என்ட்ரி' ரோலை அடிப்படையாகக் காட்டுங்கள். ரோல் திரையில் இரண்டு பத்திகள் இருக்கும்: தடுக்க வேண்டியவை ஒரு பக்கம், அனுமதிக்க வேண்டியவை இன்னொரு பக்கம். தடுக்கும் பக்கத்தில் வவுச்சர் (ஒவ்வொரு வரவு செலவுப் பதிவும்), கணக்கு மாஸ்டர் (லெட்ஜர் விவரம்), ஸ்டாக் மாஸ்டர் (சரக்கு விவரம்) மூன்றுக்கும் உருவாக்குவதையும் திருத்துவதையும் நிறுத்துங்கள். அதே திரையில் 'டேஸ் அலவ்டு ஃபார் பேக் டேட்டட் வவுச்சர்ஸ்', 'கட்-ஆஃப் டேட் ஃபார் பேக் டேட்டட் வவுச்சர்ஸ்' என்று இரண்டு கட்டங்கள் உண்டு. முதலாவது, எத்தனை நாள் பின்தேதிக்குப் போகலாம் என்பது. இரண்டாவது, எந்தத் தேதிக்கு முன்னால் கை வைக்கக்கூடாது என்பது. டேட்டாவைப் பிரிக்காமல் எல்லா வருடமும் ஒரே கம்பெனியில் வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது கட்டம்தான் உண்மையான பூட்டு. தணிக்கை முடிந்ததும் ஒவ்வொரு ரோலிலும் தேதியை முன்னே நகர்த்த வேண்டும். அது தானாக நகராது. டேட்டா என்ட்ரி ரோலில் மாற்றிவிட்டு, பில்லிங் ஆட்களுக்காகத் தனியே உருவாக்கிய ரோலில் மாற்ற மறந்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

ரோல் உருவாக்கியதும் வேலை முடிந்துவிடவில்லை. அந்த யூசராகவே உள்ளே போய்ச் சோதித்துப் பார்க்க வேண்டும். டே புக்கை (அன்றாடப் பதிவுகளின் பட்டியலை) திறந்து ஒரு பழைய வவுச்சரில் என்டர் தட்டி, திருத்தும் நிலையில் திறக்கிறதா என்று பாருங்கள். ஆல்ட்+எக்ஸ் அழுத்தினால் கேன்சல் ஆகிறதா, ஆல்ட்+டி அழுத்தினால் டெலீட் ஆகிறதா, ஆல்ட்+2 அழுத்தினால் நகல் வவுச்சர் உருவாகிறதா? நான்கிலும் தடை வந்தால்தான் ரோல் சரி. பிறகு பிரிண்டுக்கான ஆல்ட்+பி, எக்ஸ்போர்ட்டுக்கான ஆல்ட்+இ. பிரிண்டைத் தடுத்துவிட்டால் எக்ஸ்போர்ட்டும் தடைபட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்ளக்கூடாது, இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மூன்று வருட விற்பனை லெட்ஜர் ஒரே எக்செல் கோப்பாக வெளியே போக ஒரு நிமிடம்கூட ஆகாது. இந்தச் சோதனையை உண்மையான பழைய டேட்டாவில் செய்யாமல் ஒரு நகலில் செய்யுங்கள்.

இன்னொரு எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். டேலியின் ரோல், ரிப்போர்ட்டையும் வவுச்சர் வகையையும் தடுக்கும். ஒரு விவரம் எந்தெந்த வழியாகவெல்லாம் கண்ணில் படும் என்று அது கவலைப்படாது. சம்பள ரிப்போர்ட்டைத் தடுத்துவிட்டு பேங்க் லெட்ஜரைத் திறந்து விட்டால், யாருக்கு எவ்வளவு போட்டோம் என்பது அங்கே வரிவரியாக நிற்கும். டிரையல் பேலன்ஸில் என்டர் தட்டிக்கொண்டே போனால் லெட்ஜருக்குள்ளும், அங்கிருந்து வவுச்சருக்குள்ளும் போய்விடலாம். ஆகவே சம்பளம் ரகசியமாக இருக்க வேண்டும் என்றால், பழைய வருடங்களைப் பார்க்கும் ரோலில் பேங்க் புத்தகத்தையும் டிரையல் பேலன்ஸையும் சேர்த்தே தடுக்க வேண்டும். அதெல்லாம் தடுத்த பிறகு அந்த யூசருக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது என்றால், அவருக்கு யூசர் கணக்கே தேவையில்லை. வேண்டிய லெட்ஜரை பிடிஎஃப் ஆக எடுத்துக் கொடுத்துவிடலாம்.

அடுத்தது ஸ்பிளிட், அதாவது ஒரு தேதியை வைத்து டேட்டாவை இரண்டு கம்பெனியாகப் பிரிப்பது. ஆல்ட்+ஒய் மெனுவில் இருக்கிறது. முதலில் 'வெரிஃபை' ஓட்டி, அது காட்டும் பிழைகளைச் சரிசெய்து, பேக்கப் எடுத்த பிறகு பிரிக்க வேண்டும். அந்நியச் செலாவணி லாப நட்டம் சரிக்கட்டப்படாமல் நின்றாலோ, கணக்கில் ஏறாத பர்ச்சேஸ், சேல்ஸ் பில் இருந்தாலோ வெரிஃபை காட்டிவிடும். 2023 ஏப்ரல் 1 என்று தேதி கொடுத்துப் பிரித்தால், அதற்கு முந்தையது ஒரு கம்பெனி, அதிலிருந்து தொடங்குவது இன்னொரு கம்பெனி என்று இரண்டு உருவாகும். பிரிப்பதற்கு முன் இருந்த மூலக் கம்பெனியும் அங்கேயே இருக்கும். இப்போது கையில் மூன்று பிரதி. பழைய வருடத்தின் கணக்கு இரண்டு இடத்தில் இருக்கிறது, இரண்டுக்கும் தனித்தனி யூசர் பட்டியல். பிரித்து முடித்தவர்களில் பலர் மூலக் கம்பெனியை மறந்துவிடுகிறார்கள். கம்பெனி தேர்வு செய்யும் திரையில் அது பழைய பெயரோடு எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டே இருக்கும்.

அனுமதி விஷயத்தில் பிரித்த டேட்டாவுக்கும் பிரிக்காத டேட்டாவுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. பிரிக்காமல் ஒரே கம்பெனியில் இருந்தால், 2022 மார்ச் மாதத்து வவுச்சர் ஒன்றைத் திருத்தினால் இன்றைய ஓப்பனிங் பேலன்ஸ் வரை எல்லாம் மாறும். தாக்கல் செய்த பேலன்ஸ் ஷீட்டுக்கும் டேலிக்கும் ஒட்டாது. ஆனால் மாறியது எப்படியாவது கண்ணில் படும். பிரித்திருந்தால் புதிய கம்பெனியின் ஓப்பனிங் பேலன்ஸ் பிரித்த அன்றே எழுதப்பட்டுவிட்டது. பழைய கம்பெனியில் யாராவது எதையாவது மாற்றினால் புதியதில் ஒரு பைசாகூட அசையாது. பழையதன் குளோசிங்கும் புதியதன் ஓப்பனிங்கும் சத்தமில்லாமல் விலகி நிற்கும். நோட்டீஸ் வந்து பழைய டேட்டாவைத் திறக்கும் நாளில்தான் அது தெரியும். அதனால்தான், டேட்டா பெருத்து டேலி தடுமாறுகிறது என்ற காரணம் இல்லாவிட்டால் பிரிக்காதீர்கள் என்பது என் கருத்து. கட்-ஆஃப் தேதியே போதும். பிரித்தே ஆக வேண்டும் என்றால், பிரித்த அன்றே பழைய கம்பெனியில் அட்மினையும் ஒரே ஒரு பார்வை யூசரையும் தவிர மற்ற எல்லோரையும் நீக்குங்கள். டிரையல் பேலன்ஸை பிடிஎஃப் எடுத்துத் தேதியோடு சேமித்து வையுங்கள். பின்னால் ஒப்பிட அந்த ஒரு பக்கம் போதும்.

டேலி வால்ட் பற்றி இரண்டு வார்த்தை. யூசர் பாஸ்வேர்ட் கதவுக்குப் பூட்டு போடுகிறது. வால்ட் டேட்டாவையே மறையாக்கம் செய்துவிடுகிறது. பழைய டேட்டாவுக்கு இதுவே வலுவான பாதுகாப்பு, ஆனால் இரண்டு விலை உண்டு. வால்ட் பாஸ்வேர்டை மறந்தால் மீட்க வழியில்லை. டேலியிடம் கேட்டாலும் கிடைக்காது. எட்டு வருடம் வைத்திருக்க வேண்டிய டேட்டா ஒருவருடைய நினைவாற்றலில் தொங்கக்கூடாது. பாஸ்வேர்டை எழுதி, உறையில் ஒட்டி, செக் புத்தகம் இருக்கும் இரும்புப் பெட்டியில் வையுங்கள். பங்குதாரர்கள் இருவர் என்றால் இரண்டு உறை. இரண்டாவது, வால்ட் போட்ட கம்பெனியின் பெயர் தேர்வுத் திரையில் நட்சத்திரக் குறிகளாகத்தான் தெரியும். நான்கு பழைய வருடங்களுக்கும் வால்ட் போட்டால் நான்கு வரி நட்சத்திரம். எது எந்த வருடம் என்று கம்பெனி எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே எண், வருடம், வால்ட் உண்டா இல்லையா என்று நோட்டில் எழுதி வைப்பது கட்டாயம். பழைய டேலி ஈஆர்பி 9-இல் வால்ட் போடும்போது புதிதாக ஒரு கம்பெனி உருவாகி, மறையாக்கம் ஆகாத பழைய பிரதி அப்படியே தங்கிவிடும். அந்தக் காலத்து டேட்டா வைத்திருப்பவர்கள் ஃபோல்டரில் அந்தப் பிரதி இன்னும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்போது டேலியின் கைக்கு எட்டாத இடத்துக்கு வருவோம். ஒவ்வொரு கம்பெனியும் டேட்டா ஃபோல்டருக்குள் வெறும் எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு சப்-ஃபோல்டர்தான். டேலி பாஸ்வேர்ட் திறப்பதைத் தடுக்கும். அந்த ஃபோல்டரைக் காப்பி எடுப்பதையோ அழிப்பதையோ தடுக்காது. பிரைமை நிறுவும்போது அது தானாகத் தேர்ந்தெடுக்கும் டேட்டா இடம் விண்டோஸின் 'பப்ளிக்' ஃபோல்டருக்குள் இருக்கிறது. பெயரே சொல்கிறது, அந்தக் கம்ப்யூட்டரில் லாகின் செய்யும் எல்லோருக்கும் பொதுவான இடம். கோல்டு லைசென்ஸ் எடுத்து நெட்வொர்க்கில் பல பேர் வேலை செய்யும் இடங்களில் டேட்டா ஃபோல்டரை எல்லோருக்கும் முழு அனுமதியுடன் ஷேர் செய்துவிடுவதும் வழக்கம். அப்போது பில்லிங் கவுன்டரில் இருப்பவர் ஃபைல் எக்ஸ்புளோரரைத் திறந்து முழு ஃபோல்டரையும் பென் டிரைவில் போட்டுக்கொள்ளலாம்.

பழைய கம்பெனிகளை நடப்பு டேட்டா ஃபோல்டரிலிருந்து பிரித்து எடுங்கள். வேறு டிரைவில் தனி ஃபோல்டர் ஒன்று, அந்த டிரைவ் ஃபோல்டர் அனுமதிகளைத் தாங்கும் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்ததாக இருக்க வேண்டும். அதன் மேல் ரைட் கிளிக், புராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. அங்கே 'டிசேபிள் இன்ஹெரிட்டன்ஸ்' அழுத்தி, மரபாக வந்த அனுமதிகளை நேரடி அனுமதிகளாக மாற்றும் வழியைத் தேர்ந்தெடுங்கள். பிறகு பட்டியலிலிருந்து 'யூசர்ஸ்', 'எவ்ரிஒன்' இருந்தால் நீக்குங்கள். 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்', 'சிஸ்டம்' இரண்டையும் விட்டுவைத்து, முதலாளி அல்லது தலைமைக் கணக்காளரின் விண்டோஸ் கணக்குக்கு வாசிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். நெட்வொர்க்கில் ஷேர் செய்தால் ஷேர் அனுமதி, ஃபோல்டர் அனுமதி இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும்.

வாசிக்க மட்டும் அனுமதி உள்ள ஃபோல்டரிலிருந்து டேலி கம்பெனியை நேராகத் திறக்க முயல வேண்டாம். டேலி வேலை செய்யும்போது அந்த ஃபோல்டரில் எழுதவும் செய்யும். தேவைப்படும்போது அந்த எண் ஃபோல்டரைத் தற்காலிக இடத்துக்குக் காப்பி எடுத்து, கம்பெனி தேர்வில் 'ஸ்பெசிஃபை பாத்' வழியாக அந்த இடத்தைக் காட்டித் திறங்கள். வேலை முடிந்ததும் அந்தப் பிரதியை அழித்துவிடலாம். இப்படிச் செய்தால் மூலம் ஒருபோதும் மாறாது. டேலியைப் புது வெளியீட்டுக்கு மாற்றும்போதும் இதே முறை காப்பாற்றும். பழைய வெளியீட்டின் டேட்டாவைப் புதியதில் திறக்கும்போது புது வடிவத்துக்கு மாற்றக் கேட்கும், மாற்றியதைப் பழைய வெளியீட்டில் மறுபடி திறக்க முடியாது. மாற்றம் பிரதியில் நடந்தால் கவலையில்லை.

ஃபோல்டரை நகர்த்தும்போது ஒரு பொறி இருக்கிறது. ஒரே டிரைவுக்குள் கட் செய்து பேஸ்ட் செய்தால் ஃபோல்டருக்குத் தனியாகக் கொடுத்திருந்த பழைய அனுமதிகள் கூடவே வரும், காப்பி செய்தால் போய்ச் சேரும் இடத்தின் அனுமதிகளை எடுத்துக்கொள்ளும். எனவே எப்போதும் காப்பி செய்து, சரிபார்த்து, பிறகு மூலத்தை அழிப்பதே சரி. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றில் இந்த அனுமதிகள் நிற்காது. என்டிஎஃப்எஸ் ஆக இருந்தாலும் டிஸ்கை வேறு கம்ப்யூட்டரில் சொருகினால் அங்கே அட்மினாக இருப்பவர் உரிமையை எடுத்துக்கொள்ள முடியும். ஆபீஸை விட்டு வெளியே போகும் பிரதிக்கு வால்ட் அல்லது பிட்லாக்கர் (டிஸ்கையே மறையாக்கம் செய்யும் விண்டோஸ் வசதி), இரண்டில் ஒன்று இருந்தே தீர வேண்டும்.

பல பேர் வேலை செய்யும் பெரிய இடமாக இருந்தால் டேலி பிரைம் சர்வர் என்ற தனித் தயாரிப்பு இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்க்கிறது. அதில் கிளையன்ட் கம்ப்யூட்டர்களுக்கு டேட்டா ஃபோல்டர் மீது நேரடி அனுமதியே தர வேண்டியதில்லை, டேட்டா சர்வர் வழியாகத்தான் போய்வரும். கணக்குப் பிரிவில் பதினைந்து, இருபது பேர் இருந்தால் அந்தச் செலவு நியாயமானது. ஐந்து பேருக்கு மேலே சொன்ன ஃபோல்டர் வேலை போதும்.

பேக்கப்பை ரீஸ்டோர் செய்யும்போது எங்கே போடுகிறோம் என்று பார்க்க வேண்டும். நடப்பு டேட்டா ஃபோல்டரையே காட்டிவிட்டால், அதே கம்பெனி அங்கே இருக்கும்போது மேலே எழுதிவிடும் ஆபத்து உண்டு. எச்சரிக்கை வரும், அவசரத்தில் என்டர் தட்டிவிடுவார்கள். தனி ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து, திறந்தவுடன் யூசர் பட்டியலைப் பார்த்துப் போனவர்களை நீக்குங்கள்.

எடிட் லாக், அதாவது திருத்தங்களைப் பதிந்து வைக்கும் வசதி, பற்றிக் கேட்பவர்கள் அதிகம். 2023 ஏப்ரல் 1-இல் தொடங்கிய நிதியாண்டு முதல், கம்பெனிகள் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்கள் தணிக்கைத் தடம் வைக்கும் சாஃப்ட்வேரைத்தான் பயன்படுத்த வேண்டும், அந்தத் தடத்தை நிறுத்தவும் முடியக்கூடாது. இதற்காகவே 'டேலி பிரைம் எடிட் லாக்' என்று ஒரு பதிப்பு இருக்கிறது. அதில் லாகை அணைக்க முடியாது. சாதாரண டேலி பிரைமில் அது நம் விருப்பம். வவுச்சரில் நின்று ஆல்ட்+க்யூ அழுத்தினால் யார், எப்போது, என்ன மாற்றினார் என்று ஒவ்வொரு திருத்தமாகக் காட்டும். நன்றாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் லாக் தடுப்பதில்லை, நடந்ததைப் பதிவு மட்டும் செய்கிறது. அதில் பதியும் பெயரும் நாம் வைத்த யூசர் பெயர்தான். மூன்று பேர் 'அக்கவுன்ட்ஸ்' என்ற ஒரே பெயரில் நுழைந்தால் எடிட் லாகில் 'அக்கவுன்ட்ஸ்' என்றுதான் இருக்கும். ஆளுக்கு ஒரு யூசர் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. எடிட் லாக் இயங்கத் தொடங்குவதற்கு முந்தைய வருடங்களில் நடந்த திருத்தங்களுக்கு அதில் பதிவு இருக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வெளியிலிருந்து பார்க்கும் ஆடிட்டருக்கு, இன்டர்நெட் வழியாக நுழைவதற்கான டேலி.நெட் ஐடி கொடுத்திருந்தால், தணிக்கை முடிந்ததும் யூசர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பழைய கம்பெனியை 'கனெக்ட்' நிலையில், அதாவது வெளியிலிருந்து நுழையக்கூடியதாக, விட்டுவைக்கவும் வேண்டாம். தேவைப்படும் வாரத்தில் மட்டும் கனெக்ட் செய்தால் போதும்.

ஒப்பிட ஒரு சொல்: இன்டர்நெட்டில் இயங்கும் கணக்கு சாஃப்ட்வேரான ஜோஹோ புக்ஸில் வருடங்கள் எல்லாம் ஒரே நிறுவனக் கணக்குக்குள் இருப்பதால் யூசர் பட்டியலும் ஒன்றே. ஒருவரை நீக்கினால் எல்லா வருடத்திலிருந்தும் போய்விடுகிறார். 'டிரான்சாக்ஷன் லாக்கிங்' என்ற வசதியில் ஒரு தேதி கொடுத்து விற்பனை, கொள்முதல், பேங்க், கணக்கு என்று பிரிவு பிரிவாகப் பூட்டலாம். காரணம் எழுதச் சொல்லும், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் திறந்து விடவும் முடியும். பழைய வருடத்தைப் பூட்டும் இந்த ஒரு விஷயத்தில் அது டேலியைவிட ஒரு படி மேலே நிற்கிறது. டேலியிலும் நிறுவனம் முழுவதற்கும் ஒரே தேதியில் போடும் பூட்டு ஒன்று வந்தால், ரோல் ரோலாகத் தேடித் தேதி மாற்றும் வேலை மிச்சமாகும். மறுபக்கம், இன்டர்நெட் இல்லாமல் பத்து வருடத்துக் கணக்கை நம் அலமாரியிலேயே வைத்திருக்கும் வசதி டேலியில்தான் இருக்கிறது. அதற்காகவே அதைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் நிறைய பேர்.

அந்த நோட்டில் என்ன எழுதுவது என்று கேட்டால்: கம்பெனி எண், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த ஃபோல்டர், எந்த டேலி வெளியீட்டில் கடைசியாகத் திறந்தது, வால்ட் உண்டா, உள்ளே இருக்கும் யூசர்கள் யார் யார், பேக்கப் பிரதி எங்கே. கம்பெனிக்கு ஒரு பக்கம். ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில் அந்த நோட்டை எடுத்து, அவர் பெயர் இருக்கும் ஒவ்வொரு கம்பெனியையும் திறந்து நீக்கிவிட்டு, தேதி போட்டுக் கையெழுத்து இடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, தணிக்கை முடிந்து கட்-ஆஃப் தேதியை நகர்த்தும் அன்றே, ஒவ்வொரு பழைய கம்பெனியின் பிரதியையும் உறையில் இருக்கும் பாஸ்வேர்டைக் கொண்டே ஒருமுறை திறந்து, டிரையல் பேலன்ஸ் அந்தப் பழைய பிடிஎஃப் பக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரு கம்பெனிக்குப் பத்து நிமிடம் ஆகும்.